ட்ராய் அவுன்சும் த்ருவா சந்தையும்

2001ல் வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு மும்பையில் வேலை போட்டார்கள். தினமும் காலையில் தங்க விலையைச் சரிபார்த்து எழுதி வைப்பது என் பொறுப்பு. உலகச் சந்தையில் தங்கம் டாலர் கணக்கில், ஒரு ட்ராய் அவுன்சுக்கு இவ்வளவு என்று வரும். அதை 31.1035ஆல் வகுத்தால் கிராம் விலை. சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தானே, இதென்ன புதுசா ஒரு அவுன்ஸ் என்று மேலதிகாரியிடம் (அவரும் நம்ம ஊர்க்காரர்தான்) கேட்டேன். "ட்ராய்னா ட்ராய்தான்யா. வகுத்துட்டு அடுத்த வேலையைப் பாரு" என்றார். மரக்குதிரைக்குள் ஒளிந்துபோய்க் கோட்டையைப் பிடித்தார்களே, அந்த ட்ராய் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு அவ்வளவுதான் எட்டியது. இருபது வருஷத்துக்கு மேல் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

போன ஜூனில்தான் அது தெளிந்தது. மச்சினன் பாரிஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறான். பாரிஸிலிருந்து லியோன் வழியாக மத்தியதரைக் கடல் வரைக்கும் காரில் போவது என்று திட்டம். முதல் ராத்திரி எங்கே தங்குகிறோம் என்று கேட்டேன். "த்ருவா" என்றான்.

"மூணா? என்ன மூணு?"

மகள் ஸ்கூலில் பிரெஞ்சு எடுத்ததால் ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் எனக்கும் தெரியும். மூன்றுக்கு த்ருவா. "அத்தான், அது ஊர் பேரு. ரெண்டுக்கும் ஒரே உச்சரிப்பு" என்று சிரித்தான். மறுநாள் சாலையோரப் போர்டில் பார்த்தால், ட்ராய் என்று எழுதி, பின்னால் ஒரு ஈ, ஒரு எஸ். இரண்டையும் வாய்க்குள் முழுங்கிவிடுகிறார்கள். என் ட்ராய் அவுன்சின் ஊர் இதுதானாம்! எடையின் பெயர் இந்த ஊர்ச் சந்தையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கிற கருத்து. மரக்குதிரைக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

ஷாம்பெய்ன் என்றால் நமக்கு பாட்டில்தான் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு வட்டாரத்தின் பெயர். பாட்டில் பிரபலமாவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் அந்த வட்டாரம் வேறொன்றுக்குப் புகழ் பெற்றிருந்தது: சந்தை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பெரிய வியாபாரம் நடந்த இடம் பாரிஸும் இல்லை, லண்டனும் இல்லை. ஷாம்பெய்னில் இருந்த நாலு சின்ன ஊர்கள்.

நாங்கள் டோல் ரோட்டை விட்டுவிட்டு பழைய ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, நடுநடுவே சர்க்கரைக் கிழங்கு வயல். மத்தியானம் ப்ரோவேன் என்ற ஊரில் நிறுத்தினோம். நாலு சந்தை ஊர்களில் அது ஒன்று. கோட்டை மதில், 12ஆம் நூற்றாண்டுக் கல் கோபுரம் எல்லாம் அப்படியே நிற்கின்றன. 2001ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அரண்மனைக்காக இல்லை, இடைக்காலச் சந்தை ஊர் என்பதற்காக! இந்த ஊர்க் காசுக்கு அந்தக் காலத்தில் ஏக மரியாதை. ரோம் நகர செனட் சபையே இதைப் பார்த்து அதே மாதிரி காசு அடித்துக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரோவேனைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் நோஜான் அணுமின் நிலையத்தின் இரண்டு பிரம்மாண்டமான கோபுரங்கள், ஆவி விட்டுக்கொண்டு. அதன் பக்கத்தில் ஓடுவது அதே ஸேன் நதிதான். த்ருவா போய்ச் சேரும்போது அது இன்னும் சின்னதாகிவிடுகிறது.

தங்கினது மரச்சட்டம் போட்ட பழைய வீடு ஒன்றில். 1524ல் ஒரு பெரிய தீ விபத்து இந்த ஊரின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் கட்டிய வீடுகள்தான் இன்றைக்கும் வரிசையாக நிற்கின்றன, மரமும் சுண்ணாம்பும், மாடி முன்னால் துருத்திக்கொண்டு. எங்கள் அறையில் பேனாவைத் தரையில் வைத்தால் தானாக ஜன்னல் பக்கம் உருண்டது. தங்கமணிக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பூனைச் சந்து என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்குப் பூனை தாவிவிடும், அவ்வளவு குறுகல்.

சாப்பாட்டு விஷயம் கேட்காதீர்கள். இந்த ஊரின் பெருமை பன்றிக் குடலில் செய்கிற சாசேஜ். நாங்கள் ரொட்டியும், பக்கத்து ஊர் ஷவூர்ஸ் சீஸும், கையோடு கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயுமாக ஒப்பேற்றினோம். (ஊறுகாயோடு அந்த சீஸ் நன்றாகவே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மன்னிக்க.)

ஜூனில் அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நடந்தோம். ரொட்டிச் சந்தைச் சதுக்கம் என்று ஒரு இடம். அதன் பக்கத்தில் ஒரு தெருவின் பெயர்ப் பலகையை மகள் படித்து அர்த்தம் சொன்னாள்: "காசு மாத்தற மேடு மாதிரி வருதுப்பா". எனக்குக் கால் நின்றுவிட்டது. இத்தாலியிலிருந்து வந்த காசு வியாபாரிகள் பெஞ்சு போட்டு உட்கார்ந்த இடம் இந்தப் பக்கம்தான். இத்தாலிய மொழியில் பெஞ்சுக்கு 'பாங்கோ'. நாம் சம்பளம் வாங்குகிற 'பாங்க்' அந்த பெஞ்சிலிருந்து வந்ததுதான்.

சந்தை எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஆறு. ஜனவரியில் லான்யி, அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில் பார்-ஸுர்-ஓப், மே மாதம் ப்ரோவேன், கோடையில் த்ருவா, செப்டம்பரில் மறுபடி ப்ரோவேன், குளிர் தொடங்கும்போது மறுபடி த்ருவா. ஒவ்வொன்றும் ஆறேழு வாரம். ஒன்று முடிந்தால் அடுத்தது, ஆக வருஷம் பூரா வியாபாரம். முதல் வாரம் மூட்டை பிரிக்க. பிறகு துணிக்குச் சில நாள், தோலுக்குச் சில நாள். அதன் பிறகு எடை போட்டு விற்கிற சரக்கு. அதில் முக்கியமானது மிளகு. நம்ம மலபார் மிளகு அரபிக்கடல், எகிப்து, இத்தாலி என்று ஏறி இறங்கி, ஆல்ப்ஸ் மலையைக் கழுதை முதுகில் தாண்டி இங்கே வந்தது.

கடைசி நாட்கள் பணம் பட்டுவாடாவுக்கு மட்டும். இந்த இடத்தில்தான் என்னைப் போன்ற ஆளுக்கு உடம்பு சிலிர்க்கும். ஜெனோவாக்காரன் துணி வாங்கின வகையில் ஃபிளாண்டர்ஸ்காரனுக்குத் தரவேண்டும். ஃபிளாண்டர்ஸ்காரன் மிளகு வாங்கின வகையில் இன்னொரு இத்தாலியனுக்குத் தரவேண்டும். மூட்டை மூட்டையாய் வெள்ளிக்காசைத் தூக்கிக்கொண்டு அலையாமல், நோட்டுப் புத்தகத்தை விரித்து ஒன்றோடொன்று கழித்துவிட்டு, மிச்சம் நிற்பதை மட்டும் கொடுத்தார்கள். அல்லது அடுத்த சந்தைக்குத் தள்ளினார்கள். நாம் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிற கிளியரிங் இதேதான்! ஊரை விட்டுக் கிளம்பும்போதே ஜெனோவாவில் உள்ளூர்க் காசு வாங்கிக்கொண்டு, "ஷாம்பெய்ன் சந்தையில் ப்ரோவேன் காசாகத் தருகிறேன்" என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுப்பதும் உண்டு. கடன், நாணய மாற்று, டிராஃப்ட் மூன்றும் ஒரே காகிதத்தில்.

வட்டிக்கும் கணக்கு இருந்தது. 1311ல் ராஜா போட்ட சட்டப்படி, சந்தைக் கடனுக்கு ஒரு சந்தையிலிருந்து அடுத்த சந்தை வரைக்கும் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் வாங்கக்கூடாது. ஆறு சந்தை, ஆக வருஷத்துக்கு 15 சதவீதம். நம்மூர் பெர்சனல் லோன் ஞாபகம் வருகிறதா?

சரி, கேள்விக்கு வருகிறேன். துறைமுகம் கிடையாது, பெரிய நதி கிடையாது, தலைநகரம் கிடையாது. ஏன் இந்த ஊருக்கு வந்தார்கள்? வடக்கே ஃபிளாண்டர்ஸ் துணிக்கும் தெற்கே இத்தாலிக்கும் நடுவில் இருந்தது ஒரு காரணம். ஆனால் நடுவில் வேறு ஊர்களும் இருந்தன. இங்கே கூடுதலாக இருந்தது ஒரு வாக்குறுதி. ஷாம்பெய்னை ஆண்ட பிரபுக்கள் கொடுத்தது: என் சந்தைக்கு வருகிறவன் யாராக இருந்தாலும், வழியிலும் சந்தையிலும் அவனுக்கு நான் பொறுப்பு.

வெறும் பேச்சில்லை. 1148ல் வெஸலே என்ற ஊரின் காசு வியாபாரிகள் ப்ரோவேன் சந்தைக்கு வரும் வழியில் கொள்ளை போனார்கள். அடித்தது சான்ஸ் ஊர்ப் பிரபுவின் மகன். கொள்ளை போனவர்களும் ஷாம்பெய்ன் பிரஜைகள் இல்லை, கொள்ளையடித்தவனும் ஷாம்பெய்ன்காரன் இல்லை. நமக்கென்ன என்று இருந்திருக்கலாம். ஆனால் இரண்டாம் திபோ பிரபு, ராஜா சிலுவைப்போருக்குப் போயிருந்ததால் நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சுகேர் மடாதிபதிக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார்: பொருளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், இதைத் தண்டிக்காமல் விடமாட்டேன், இது என் சந்தைக்கே உலை வைக்கிற காரியம் என்ற தொனியில். 1209ல் பிரான்சு ராஜாவே, தன் நிலத்தின் வழியாக இந்தச் சந்தைக்குப் போகிற வியாபாரிகளுக்குப் பாதுகாப்பு தந்தார்.

சந்தைக்குள் காவலர்கள் என்ற பெயரில் அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனி முத்திரை உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவது, வழக்கு விசாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. வெளியூர்க்காரனும் உள்ளூர்க்காரன் மேல் வழக்குப் போடலாம். ஒருத்தன் கடன் வைத்துவிட்டு ஊருக்கு ஓடினால், காவலர்கள் அவன் ஊர் அதிகாரிகளுக்கு எழுதுவார்கள், அவன் சொத்தை விற்றுக் கடனைக் கட்டச் சொல்லி. ஊர் கேட்கவில்லை என்றால் கடைசி அஸ்திரம்: அந்த ஊர் வியாபாரிகள் ஒருத்தரும் இனி சந்தைக்குள் வரக்கூடாது. ஒருத்தன் செய்த தப்புக்கு ஊரே வெளியே.

இதைப் படித்தபோது (ராத்திரி, தூக்கம் வராத தங்கமணி பக்கத்தில் முனகிக்கொண்டிருக்க) எனக்கு 2001ல் மும்பையில் வீடு தேடினது ஞாபகம் வந்தது. சம்பளச் சீட்டு காட்டினேன், வங்கி அடையாள அட்டை காட்டினேன். வீட்டுக்காரர் அசையவில்லை. முந்தைய குடித்தனக்காரன் இரண்டு மாச வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டானாம். "உங்க ஊர்க்காரன்தான்" என்றார். எங்கள் ஊர் என்றால் எது? அவன் நாகர்கோவில், நான் தஞ்சாவூர். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். கடைசியில் அந்த "ட்ராய்னா ட்ராய்தான்யா" மேலதிகாரி ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் சாவி கைக்கு வந்தது. வெளியூரில் இருக்கிற நம் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும், இல்லையா? நம்மை நம்ப வைப்பதும் நம் ஊர்க்காரன்தான், நம்பாமல் செய்வதும் நம் ஊர்க்காரன்தான். அநியாயம்தான். ஆனால் முன்பின் தெரியாதவனை நம்புவதற்கு அந்தக் காலத்தில் அதைவிட நல்ல வழி அகப்படவில்லை.

அப்படிப்பட்ட சந்தை எப்படிப் போனது?

ஷாம்பெய்னின் வாரிசு ழான் என்ற இளம்பெண். 1284ல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டவர் அடுத்த வருஷமே பிரான்சு ராஜாவான நாலாம் ஃபிலிப். சந்தை ராஜாவின் கைக்கு வந்தது. சந்தைக்குச் சோறு போட்டது வெளியூர் வியாபாரிகள் என்று பிரபுக்களுக்குத் தெரியும். ராஜாவுக்குச் சண்டை போடப் பணம் வேண்டியிருந்தது. வெளியூர்க்காரன் அவர் கண்ணுக்குப் பணப்பையாகத் தெரிந்தான். 1291ல் நாடு முழுக்க இத்தாலிய வியாபாரிகளைப் பிடித்து உள்ளே போட்டு, பணம் கொடுத்தவர்களை விட்டார்கள். 1295லிருந்து காசில் வெள்ளியைக் குறைத்தார்கள். 1297ல் ஃபிளாண்டர்ஸ் மேல் படையெடுப்பு. துணி வருவதே அங்கேயிருந்துதான்!

மறுநாள் காலை தியேட்டர் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய உருண்டை பார்த்தோம், ஹீப்ரு எழுத்துகளோடு. அது ராஷியின் நினைவுச் சின்னம். யூத வேதத்துக்கும் தல்மூதுக்கும் உரை எழுதிய மகா பண்டிதர். 1040ல் இதே ஊரில் பிறந்து 1105ல் இறந்தவர். இன்றைக்கும் யூதர்கள் அவர் உரையை வைத்துத்தான் படிக்கிறார்கள். தேதி போட்டு அச்சான முதல் ஹீப்ருப் புத்தகம் (1475) அவர் உரைதான். கஷ்டமான சொற்களுக்கு அவர் அந்தக் காலத்துப் பிரெஞ்சிலும் அர்த்தம் எழுதி வைத்ததால், பழைய பிரெஞ்சைப் படிக்கிறவர்களுக்கும் அவர்தான் சாட்சி. அவர் ஊரிலேயே, 1288 ஏப்ரல் 24ஆம் தேதி, பொய்க் கொலைப் பழி சுமத்தி 13 யூதர்களை எரித்தார்கள். 1306ல் நாட்டிலிருந்த யூதர்கள் எல்லோரையும் ராஜா விரட்டினார். சொத்தை ஏலம் விட்டார். அவர்களுக்கு வரவேண்டிய கடனைத் தானே வசூலித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் டெம்ப்ளர்கள் முறை. சிலுவைப்போர் துறவி வீரர்களான இவர்கள், பணத்தைப் பாதுகாத்துக் கைமாற்றுவதில் கெட்டிக்காரர்கள். ராஜாவின் கருவூலமே நெடுங்காலம் பாரிஸில் அவர்கள் கையில் இருந்தது. அவர்களின் விதிமுறை 1129 ஜனவரியில் இதே த்ருவாவில் கூடிய சபையில்தான் ஏற்கப்பட்டது. 1307 அக்டோபர் 13 அன்று ஒரே நாளில் நாடு முழுக்கக் கைது செய்தார்கள்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். சந்தை செத்ததற்கு ராஜா மட்டும் காரணம் இல்லை. 1277லேயே ஜெனோவாக் கப்பல்கள் ஜிப்ரால்டரைச் சுற்றிக் கடல் வழியாக ஃபிளாண்டர்ஸ் போக ஆரம்பித்துவிட்டன. பெரிய இத்தாலியக் கம்பெனிகள் ஊரிலேயே உட்கார்ந்து, ஏஜெண்டு வைத்துக் கடிதத்தில் வியாபாரம் செய்யக் கற்றுக்கொண்டன. எது முதல் காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் கட்சி இதுதான்: புது வழி திறந்ததும் எல்லோரும் உடனே பழைய வழியை விட்டுவிட மாட்டார்கள். பழைய வழியில் பயம் வந்தால் விடுவார்கள். வங்கியில் டெபாசிட் போகிற கதையும் இதேதான். பிரபுக்கள் நூற்றைம்பது வருஷம் சேர்த்தது, ஒரு ராஜாவின் காலத்துக்குள் கரைந்தது. 1320களுக்குப் பிறகு பழைய சந்தை இல்லை, பெயர்தான் மிச்சம்.

லியோன் கிளம்புவதற்கு முன்னால் சந்தைக்கருகே இருக்கும் புனித யோவான் கோவிலுக்குப் போனோம். கோவில் பெயரிலேயே சந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1420ல் இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றிக்கும் பிரெஞ்சு இளவரசிக்கும் கல்யாணம் நடந்த இடம். வாசலில் நின்றபடி மகள் கேட்டாள், "சந்தை இங்கதானே நடந்தது? ஒண்ணுமே இல்லையே?" காசு மேட்டையும் பூனைச் சந்தையும் காட்டினேன். அவளுக்குத் திருப்தியில்லை. கையில் மோதிரத்தைக் காட்டி, "இது எவ்வளவு தங்கம்னு உலகத்துல எங்க கேட்டாலும் இந்த ஊர் பேர்லதான் கணக்கு வரும்" என்றேன். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின வாரம், ஊர் சிநேகிதன் ஒருத்தன் தன் பையனுக்கு மும்பையில் வீட்டு ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருந்தான். பார்க்கலாம் என்று சொல்லி நழுவியிருந்தேன். இதுவரை நாலு பேருக்குப் போட்டிருக்கிறேன். நாலாவது ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போனான், மூன்று மாச வாடகை என் கையிலிருந்து போனது. தங்கமணி அதோடு சரி என்று சொல்லிவிட்டாள்.

ஊர் திரும்பின ஞாயிற்றுக்கிழமை பையனை வரச் சொன்னேன். தங்கமணி காபி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள், முறைத்துக்கொண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். "தம்பி, நீ வாடகை கட்டலேன்னா என் பணம் போகும், அது பரவாயில்லை. உனக்கு அப்புறம் வர்றவனுக்கு அந்த பில்டிங்ல வீடு கிடைக்காது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

தலையை ஆட்டினான். அந்த நாலாவது ஆளும் இப்படித்தான் தலையை ஆட்டினான். பார்ப்போம்.